மானியப் பணம் எந்த இடத்தில் நிற்கிறது?
வயல்வெளிக் கேள்வி – பதில்

பெரும்போக விதைப்பு முடிந்து முதல் பசளை எறியும் காலம் இது. மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்தும் அம்பாறைக் கரையோர ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நெற்பயிருக்குப் பசளை வாங்க அரசு கமக்காரரின் வங்கிக் கணக்கில் போடும் மானியத்தைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஒவ்வொன்றிலும் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வெல்லாவெளி வாசகர்: எங்கள் வட்டையில் (வயல்தொகுதியில்) எல்லாருக்கும் பணம் விழுந்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை. கமநல சேவை நிலையத்தில் கேட்டால் "நாங்கள் பெயரை அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். வங்கியில் கேட்டால் "ஒன்றும் வரவில்லை" என்கிறார்கள். யார் சொல்வது பொய்?

இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். உங்கள் பெயர் போயிருக்கும். அந்தப் பெயரோடு போன இலக்கங்களில் ஒன்று பிழைத்திருக்கும். கணக்கோடு விபரம் ஒத்துப்போகாவிட்டால் பணம் கணக்கில் ஏறாது. அது வந்து திரும்பிய தடயம் உங்கள் கொப்பியிலும் இருக்காது.

ஆகவே "பணம் வந்ததா" என்று கேட்டு நடப்பதை விட்டுவிடுங்கள். அடையாள அட்டை, வங்கிக் கொப்பி இரண்டையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், உங்கள் பெயருக்கு நேரே கணினியில் உள்ள வரியைக் காட்டச் சொல்லுங்கள். வாயால் வாசிக்கக் கேட்டுத் திருப்திப்படாதீர்கள், கண்ணால் பாருங்கள். பார்க்க வேண்டியவை நான்கு: பெயர், அடையாள அட்டை இலக்கம், கணக்கிலக்கமும் கிளையும், செய்கை பண்ணிய ஏக்கர்.

அதிகம் பிழைப்பது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். புதிய அட்டையில் 12 இலக்கம். பலருக்கு வங்கியில் பழையது, நிலையத்தில் புதியது, அல்லது மறுவளமாக. கணினிக்கு இது இரண்டு ஆட்கள். உங்கள் பழைய இலக்கம் புதியதாகச் சரியாக மாறியிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்க்க வேண்டும். பழைய இலக்கத்தின் ஐந்தாம் இடத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியம் போட வேண்டும். கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். வருவது 12 இலக்கம். நடுவிலுள்ள அந்தப் பூச்சியத்தை விட்டுவிட்டு 11 இலக்கத்தோடு பதிவது வழக்கமான பிழை.

அடுத்தது கணக்கு. முன்னால் பூச்சியத்தோடு தொடங்கும் கணக்கிலக்கத்தில் பூச்சியத்தை விட்டு எழுதுவார்கள். மனைவியின் கணக்கைக் கணவன் பெயருக்கு நேரே கொடுத்தவர்களும் உண்டு. 2016 இல் மூடைக்குப் பதிலாகக் காசு கொடுக்கத் தொடங்கியபோது பல கமக்காரர் அதற்கென்றே கணக்குத் திறந்தார்கள். 2018 இல் மறுபடி 500 ரூபாய் மூடை வந்தது, பிறகு இலவச மூடை வந்தது, அந்தக் கணக்குகள் தொடுவாரற்றுக் கிடந்தன. கொடுக்கல் வாங்கல் இல்லாமல் நெடுநாள் கிடந்த கணக்கை வங்கி செயலற்றதாக ஒதுக்கிவிடும். கிளைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டிக் கணக்கை உயிர்ப்பிக்கச் சொல்லுங்கள். ஒரு 100 ரூபாயாவது வைப்பிலிட்டுக் கொப்பியைப் பதிப்பித்துக்கொள்ளுங்கள்.

பிழையைக் கண்டுபிடித்ததும் திருத்தக் கடிதம் எழுதி, கொப்பியின் முதற்பக்கப் பிரதியையும் அட்டைப் பிரதியையும் இணைத்துக் கொடுங்கள். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் நிலையத்தைவிட்டு வெளியே வரவேண்டாம். பின்னால் எங்கே முறையிடப் போனாலும் அந்த முத்திரைதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

திருக்கோவில் வாசகர்: ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் என்று வானொலியில் சொன்னார்கள். நான் மூன்று ஏக்கர் விதைத்தேன். வந்தது 18,200 ரூபாய் சொச்சம். மிச்சம் யார் கைக்குப் போனது?

யார் கைக்கும் போகவில்லை. நீங்கள் பெற்றது முதற் கட்டம். 2024/25 பெரும்போகத்தில் மானியம் ஹெக்டேருக்கு 15,000 இலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தபோது, முதலில் 15,000, பிறகு 10,000 என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு ஏக்கர் என்பது 0.405 ஹெக்டேர். உங்கள் மூன்று ஏக்கர் 1.21 ஹெக்டேருக்குச் சற்று மேல். அதை 15,000 ஆல் பெருக்கிப் பாருங்கள், வந்த தொகை கிடைக்கும். இரண்டாம் கட்டத்தில் 12,100 ரூபாய் அளவில் வரவேண்டும். மொத்தம் ஏக்கருக்கு ஏறக்குறைய 10,100 ரூபாய்.

ஒருவருக்கு உச்சம் 2 ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு ஏக்கர் செய்தாலும் பத்து ஏக்கர் செய்தாலும் 50,000 ரூபாய்க்கு மேல் வராது. தொகையும் கட்டமும் போகத்துக்குப் போகம் மாறியிருக்கின்றன. ஆகவே இந்தப் போகத்துக்குரிய சுற்றறிக்கை என்ன சொல்கிறது என்பதை போகத் தொடக்கத்தில் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கொக்கட்டிச்சோலைப் பக்க வாசகர்: நாலு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். விதை, உழவு, பசளை எல்லாம் என் செலவு. மானியம் மட்டும் போடியாரின் (காணிச் சொந்தக்காரரின்) கணக்குக்குப் போகிறது. கேட்டால் "காணி என்ர பேரில" என்கிறார். அடுத்த போகம் காணி கிடைக்காமல் போய்விடும் என்று நானும் வாய் திறப்பதில்லை.

இந்தப் பகுதியில் வந்த கடிதங்களில் மனதைக் கூடுதலாக வருத்தியது உங்களுடையது. இதே நிலையில் இரண்டு மாவட்டத்திலும் பலர் இருக்கிறார்கள். மானியம் காணி வைத்திருப்பதற்கான கொடுப்பனவு அன்று; அந்தப் போகத்தில் பயிர் செய்கிறவர் பசளை வாங்குவதற்கானது. வயலில் இறங்காதவர் அதை எடுப்பது நியாயமில்லை.

உரிமையாளர் பெயர் கொடுக்கத் தயங்குவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முதல் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை வந்த சட்டங்கள், பதிவுபெற்ற குத்தகைச் செய்கையாளரை நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி பாதுகாப்புக் கொடுத்திருக்கின்றன. "பேரைப் பதிந்தால் காணி போய்விடும்" என்ற பயம் அங்கிருந்து வந்தது. அதனாலேயே பலர் ஒவ்வொரு போகமும் ஆளை மாற்றிக்கொண்டு, எழுத்தில் ஒன்றும் வைக்காமல் பேச்சில் குத்தகை விடுகிறார்கள்.

குத்தகை பேசும் அன்றே மானியத்தையும் சேர்த்துப் பேசுங்கள். விதைத்த பிறகு கேட்டால் அது சண்டையாகும். ஏக்கருக்கு இத்தனை மூடை நெல் என்று பேசும்போதே "மானியம் எனக்கு" என்று சொல்லி, ஒரு தாளில் எழுதுங்கள்: காணியின் பெயரும் கண்டமும் (வயற்பிரிவும்), ஏக்கர், எந்தப் போகம், குத்தகை எவ்வளவு, மானியமும் பயிர்க் காப்புறுதியும் யாருக்கு. இருவரும் கையெழுத்திட்டு, வட்டை விதானையையும் சாட்சியாகக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். வட்டையில் எந்த வரவையை (வயல்துண்டை) யார் விதைத்தார் என்று கால்நடையாகப் பார்த்து அறிந்தவர் அவர். அந்தத் தாளின் பிரதியைக் கமக்காரர் அமைப்புக்கும் விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளருக்கும் கொடுத்து, அந்தப் போகத்தின் செய்கையாளராக உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

போடியார் முழுதாக மறுத்தால், மானியம் அவர் எடுக்கும் அளவுக்குக் குத்தகை நெல்லைக் குறைக்கக் கேளுங்கள். நாலு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்பது சிறிய தொகை அன்று. 2025 பெப்ரவரியில் நெல் சந்தைப்படுத்தும் சபை நாடு வகை நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபாய். அந்தக் கணக்கில் அது 330 கிலோவுக்கு மேல் நெல். இந்த இலக்கத்தோடு போய்ப் பேசினால் பேச்சே வேறாக இருக்கும்.

சம்மாந்துறை வாசகி: வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். எட்டு ஏக்கர் வயல் அவர் பெயரில், இன்னும் பிரிக்கவில்லை. என் தம்பி செய்கிறான். மானியம் வாப்பாவின் கணக்குக்கே வருகிறது, ஏ.ரி.எம். அட்டையால் எடுக்கிறோம். இது சரியா?

சரியில்லை, உடனே நிறுத்துங்கள். இறந்தவரின் கணக்கை வங்கி அறிந்ததும் முடக்கிவிடும். பிறகு உள்ளே உள்ள பணத்தை எடுக்க வாரிசுகள் எல்லாரும் அலைய வேண்டிவரும். இறந்தவர் பெயரில் மானியம் எடுப்பது பின்னால் உங்கள் தம்பியின் தலையில்தான் விழும்.

காணியைப் பிரிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உரித்தை மாற்றுவது வேறு, செய்கையாளர் பெயரை மாற்றுவது வேறு. மரணச் சான்றிதழ், உறுதியின் பிரதி, மற்ற வாரிசுகள் எல்லாரும் "இவர் செய்கை பண்ணுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஒப்பமிட்ட கடிதம், அதில் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல்: இவற்றோடு நிலையத்துக்குப் போனால் தம்பியின் பெயரைச் செய்கையாளராக எழுதக் கேட்கலாம். உறுதி இல்லாமல் அரச அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் முதலில் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போய், வாப்பா பின்னுரித்தாளராக யாரைக் குறித்திருக்கிறார் என்று பாருங்கள். உம்மா இருந்தால் அவர் வாழும் காலம்வரை அவருக்குரிய உரிமையை மறந்துவிடாதீர்கள்.

எட்டு ஏக்கரில் ஐந்துக்குக் கிட்டத்தான் மானியம் வரும் என்பதற்காக, வயலுக்கே போகாத சகோதரர்களின் பெயரில் துண்டு துண்டாகப் பதிய வேண்டாம். இரண்டு பேர் உண்மையாகவே வேறு வேறாகச் செய்தால் வேறு வேறாகப் பதியலாம்.

உன்னிச்சைக் குளத்தின் கீழ் ஒரு வாசகர்: சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் எங்கள் கண்டத்துக்குத் தண்ணீர் இல்லை என்று முடிவெடுத்தார்கள். வாய்க்கால் கசிவை நம்பி விதைத்தோம். மானியமும் இல்லை, காப்புறுதியும் இல்லை என்கிறார்கள்.

ஆம், கிடைக்காது. கூட்டத்தில் அனுமதித்த கண்டங்களும் ஏக்கரும்தான் பட்டியலுக்கு அடிப்படை. குளத்திலுள்ள நீரைக் கணக்கிட்டே அந்த ஏக்கர் முடிவாகிறது. வெளியே விதைத்தவர் கசிவு போதாமல் வக்கடை (வரம்பில் நீர் பாயும் வாய்) வெட்டும்போது கடைக்கண்டத்துக் கமக்காரரின் கதிர் காய்கிறது. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கண்டத்தார் சேர்ந்து போங்கள். எந்தக் கண்டம் எந்தச் சிறுபோகத்தில் விடுபட்டது என்ற விபரத்தோடு போய், முறைவைத்துத் தரக் கேளுங்கள். தனியாளாகப் போய்ச் சத்தம் போடுவதால் ஏக்கர் கூடாது.

நிந்தவூர் வாசகர்: வெள்ளத்தில் இருபது நாள் பயிர் ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டது. நாள் போகிறதே என்று உடனே உழுது மறுவிதைப்பு விதைத்துவிட்டேன். இழப்பீடு கேட்கலாமா?

கேளுங்கள், ஆனால் நீங்கள் உழுததோடு சான்றும் மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது பார்வையிட வருகிறவர்களுக்குப் பச்சைப் பயிர்தான் தெரியும்.

கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் ஊடாக நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம், மிளகாய் ஆகிய ஆறு பயிர்களுக்கும் காப்பு இருக்கிறது. 2024 நவம்பர் வெள்ளத்தின் பிறகு அறிவித்த உச்சத் தொகை ஏக்கருக்கு 40,000 ரூபாய். உச்சம் என்றால் எல்லாருக்கும் அது என்று எண்ண வேண்டாம். அழிந்த பரப்பையும் அழிவின் அளவையும் பார்த்தே தீர்மானிப்பார்கள். வெள்ளம், வரட்சி, காட்டு யானை மூன்றாலும் வரும் அழிவுக்குக் கேட்கலாம்.

தண்ணீர் ஏறிய அன்றே வட்டை விதானைக்கும் விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளருக்கும் சொல்லுங்கள். தொலைபேசியால் சொன்னாலும் மறுநாள் எழுத்தில் கொடுங்கள். படம் எடுக்கும்போது பயிரை மட்டும் எடுக்காதீர்கள். வெள்ளத்துக்குள் மூழ்கிய பயிர் எந்த வயலிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். உங்கள் வயலென்று அடையாளம் தெரிய ஒரு மருதமரமோ துருசோ (மதகோ) மின்கம்பமோ படத்தில் விழவேண்டும். தண்ணீர் நிற்கும்போது ஒன்று, வடிந்தபின் அழுகல் தெரிய ஒன்று. பார்வையிட வரும்வரை உழ வேண்டாம். மறுவிதைப்புக்கு நாள் தப்பிவிடும் என்றால், கடிதத்தில் அதைச் சொல்லி அவசரமாகப் பார்க்கக் கேளுங்கள். அப்படியும் வராவிட்டால் ஒரு மூலையில் கொஞ்ச வரவையை உழாமல் விட்டு, விதானையையும் அயல் கமக்காரர் இருவரையும் சாட்சிக்கு ஒப்பமிடச் சொல்லுங்கள். உங்கள் விடயத்திலும் அயலவர் சாட்சியோடு, மறுவிதைப்புக்கு விதை வாங்கிய பற்றுச்சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

பசளை மானியப் பட்டியலில் மூன்று ஏக்கர் என்று எழுதியிருந்தால், இழப்பீடு கேட்கும்போது ஐந்து ஏக்கர் அழிந்தது என்றால் எடுபடாது. இரண்டு தாளிலும் ஒரே ஏக்கர் இருக்க வேண்டும்.

ஆயித்தியமலை வாசகர்: மானியம் வரும்போது கதிர் வந்துவிடுகிறது. கடையில் கடனுக்குப் பசளை எடுத்து, களவெட்டியில் (சூடடிக்கும் களத்தில்) நெல்லாகக் கொடுக்கிறேன். என்ன செய்வது?

பணம் பிந்துவது உண்மை. அதற்கு நியாயம் சொல்ல நாங்கள் முன்வரமாட்டோம். இரண்டாம் வாரம் எறிய வேண்டிய பசளைக்கு எட்டாம் வாரம் வரும் காசு பயிருக்கு உதவாது, கடைக்காரருக்கே உதவும். கட்டுப்பாடு உங்கள் கையில் இருப்பது கடனின் அளவில். தேவைக்கு மேல் யூரியாவைக் கடனுக்கு எடுத்து எறிவது நம் பக்கத்தில் அதிகம்.

நீர்ப்பாசன வயலில் மூன்றரை மாத நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் 2013 இல் தந்த சிபாரிசு ஹெக்டேருக்கு யூரியா 225, ரி.எஸ்.பி. (பொசுபேற்றுப் பசளை) 55, எம்.ஓ.பி. (பொட்டாசுப் பசளை) 60 கிலோ. ஏக்கருக்குக் கணக்கிட்டால் யூரியா 90, ரி.எஸ்.பி. 22, எம்.ஓ.பி. 24 கிலோ அளவில். 50 கிலோ மூடை இரண்டு எடுத்தால் பத்துக் கிலோ மிஞ்சும். மூன்று மூடை எறிகிறவர்கள் மூன்றாம் மூடையால் பெறுவது கரும்பச்சை இலையும் தத்திப் பூச்சியும் காற்றுக்குச் சாயும் பயிரும். ரி.எஸ்.பி. அடிக்கட்டுப் பசளையாகப் போகும், யூரியாவை ஒரே நாளில் கொட்டாமல் பிரித்து எறிய வேண்டும். எறியும் நாளில் வக்கடையை அடைத்து மெல்லிய நீர் நிறுத்துங்கள். வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்க எறிந்த யூரியா கீழ்வயல்காரருக்குப் போகும், கடன் மட்டும் உங்கள் பெயரில் நிற்கும். மழை இருண்டு நிற்கும் பின்னேரத்திலும் எறிய வேண்டாம். மானாவாரி வயலுக்கும் வயது கூடிய இனத்துக்கும் அளவு வேறு. 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தார் இலவசமாகச் சொல்வார்கள்.

கடையில் எடுக்கும்போது மூடையின் விலையைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நெல்லாகத் தீர்ப்பதென்றால் எந்த விலைக்கு என்பதும் அன்றே எழுதப்படட்டும்.

ஏறாவூர்ப்பற்று வாசகர்: பட்டியலில் பெயர் போடக் கமக்காரர் அமைப்பில் 1,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஏக்கர் வரி நிலையத்துக்குக் கட்டுவது. அதற்குப் பற்றுச்சீட்டு உண்டு. அமைப்பின் அங்கத்துவச் சந்தா நிலுவை என்றால் அதற்கும் பற்றுச்சீட்டு உண்டு. பற்றுச்சீட்டுத் தரமுடியாத காசைக் கொடுக்க வேண்டாம். அரச உத்தியோகத்தர் யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

தம்பிலுவில் வாசகி: கணவர் இறந்தபின் நான்தான் இரண்டரை ஏக்கர் செய்கிறேன். திருத்தக் கடிதம் கொடுத்து இரண்டு மாதம். போகும்போதெல்லாம் "வரும் அம்மா, வரும்" என்கிறார்கள்.

இனி வாயால் கேட்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். முதலில் மாவட்டக் கமநல அபிவிருத்தி அலுவலகத்துக்கு, முத்திரையிட்ட உங்கள் கடிதத்தின் பிரதியோடு ஒரு முறைப்பாடு. அதோடு சேர்த்துத் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்கு இந்த உரிமையைத் தருகிறது. தமிழிலேயே எழுதலாம், சாதாரண தாளில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதில் இல்லாவிட்டாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்குப் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

"எனக்கு ஏன் பணம் வரவில்லை" என்று கேட்டால் விளக்கம் சொல்லித் தப்பலாம். ஆகவே தாளைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "இன்ன போகத்துக்கான பசளை மானியப் பட்டியலில் இன்ன கண்டத்து இரண்டரை ஏக்கருக்கு நேரே உள்ள பெயர், அடையாள அட்டை இலக்கம், கணக்கிலக்கம் ஆகியவற்றின் பிரதி தேவை. இன்ன திகதியில் நான் கையளித்த திருத்தக் கடிதத்தின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையின் பிரதி தேவை. அக்கொடுப்பனவு வங்கிக்கு அனுப்பப்பட்ட திகதி, திரும்பியிருந்தால் திரும்பிய திகதி, திரும்பியதற்கு வங்கி குறித்த காரணம் ஆகியவை தேவை."

விண்ணப்பத்தைப் பெற்றதற்கான பற்றுச்சீட்டை அங்கேயே வாங்குங்கள், அம்மா. அதைத் தரவேண்டியது அவர்கள் கடமை.